கதவைத் திறந்து வைப்பவர்கள்

திருவருகைக் காலத்தின் முதல் வாரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பமொன்றில் அன்பியக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பத்துக் கன்னியர் உவமையை வாசித்து முடித்திருந்தோம். விளக்கில் எண்ணெய் இல்லாதவர்கள் வெளியே நின்றதைக் குறித்து இரண்டொருவர் பேசினர். அப்பொழுது மூலையில் அமர்ந்திருந்த நடுத்தர வயதுத் தாய் ஒருவர் கேட்டார்: "சாமி, யூதர்கள் இன்னும் மெசியா வருவார் என்று காத்திருக்கிறார்களாமே? வந்தவரை விட்டுவிட்டு வராதவருக்காக ஏன் காத்திருக்கிறார்கள்?"

எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். கூட்டம் முடிந்து இரவில் திரும்பும் வழியில், மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கின் ஒளி கடல்மேல் சுழன்று சென்றதைக் கண்டபோது அந்தச் சிரிப்பு நமக்கே உறுத்திற்று. ஒவ்வொரு திருப்பலியிலும் ஆண்டவர் கற்பித்த செபத்தை அடுத்து நாம் வேண்டுவது என்ன? ஆண்டவரின் வருகையை எதிர்பார்த்திருக்கிறோம் என்றல்லவா? நாமும் காத்திருக்கிறவர்களே. காத்திருப்பது எப்படி என்பதை மட்டும் எங்கேயோ மறந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆதலால், அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடும் முகமாக இக்கட்டுரையை எழுதலானோம்.

முதலில், யூத சமயத்தார் எதற்காகக் காத்திருக்கின்றனர் என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். கி.பி. 70இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அன்று தொட்டு அம்மக்களின் செபம் அனைத்தும் அந்த இடிபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளது. நாள்தோறும் மூன்று வேளை அவர்கள் நின்று சொல்லும் பெரிய மன்றாட்டில் எருசலேமின் மறுசீரமைப்புக்கும், தாவீதின் குலத்தில் தோன்றும் தளிருக்கும் தனித்தனியே வேண்டுதல்கள் உள்ளன. திருமணப் பந்தலில் மணமகன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் காலால் மிதித்து உடைக்கிறான். மகிழ்ச்சியின் உச்சியிலும் ஆலயத்தின் அழிவு நினைவுக்கு வரவேண்டும் என்பதற்காக. புதிதாக வீடு கட்டுகிறவர் வாசலுக்கு எதிரேயுள்ள சுவரில் ஒரு முழச் சதுரத்தைச் சாந்து பூசாமல் விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. "மீட்பு இன்னும் முழுமையாகவில்லை" என்று அந்தச் சுவர் நாளும் சொல்லிக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் அப்படிப் பூசாத சுவர் இருந்தால் கொத்தனாரை அல்லவா ஏசுவோம்!

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிதஸ் (மறைவு 1204) யூத விசுவாசத்தின் கோட்பாடுகளைப் பதின்மூன்றாக வகுத்தார். மெசியாவின் வருகையை நம்புவதும், அவர் தாமதித்தாலும் காத்திருப்பதும் அவற்றுள் பன்னிரண்டாவது. அக்காலத்தை ஞானிகள் விரும்பியது உலகை ஆளவோ, உண்டு களிக்கவோ அன்று; இடையூறின்றி இறைச்சட்டத்தைக் கற்க ஓய்வு கிடைக்கும் என்பதற்காகவே என்றும் அவர் எழுதி வைத்தார். கடவுளை அறிவதற்கு நேரம் கிடைப்பதுதான் மீட்பு! இந்த எண்ணம் நம்மைப் பலநாள் சிந்திக்க வைத்தது.

ஆயத்தம் என்றால் என்ன என்பதைப் பற்றி அவர்களுடைய பழைய ஆசிரியர்களிடையே பெரிய வாதம் நடந்தது. மக்கள் மனந்திரும்பினால்தான் மீட்பு வரும் என்றார் ரபி எலியேசர். மனந்திரும்பாவிடினும் குறித்த காலத்தில் கடவுள் மீட்பார் என்றார் ரபி யோசுவா. இருவரும் மாறி மாறி மறைநூல் சான்றுகளைக் காட்டினர். இறுதியில் எலியேசர் மௌனமானார் என்று தல்மூது கூறுகிறது. எனினும் அவரது கருத்தை யாரும் தள்ளிவிடவில்லை. தகுதியுடையோராக இருந்தால் விரைவில் வரும், இல்லையேல் உரிய காலத்தில் வரும் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டனர். இன்னொரு ஆசிரியரின் கூற்று இதைவிட எளியது. இஸ்ராயேல் மக்கள் இரண்டே இரண்டு ஓய்வுநாள்களைச் செவ்வையாகக் கடைப்பிடித்தால் போதும், உடனே மீட்கப்படுவார்கள் என்றார் அவர். மண்ணையும் விண்ணையும் அசைக்கும் செயல்களை அவர் கேட்கவில்லை. இரண்டு ஓய்வுநாள்கள்!

இந்த ஓய்வுநாளைப் பற்றிப் பேசும்போது, நம் நாட்டிலேயே உள்ள ஒரு யூத இனத்தாரை நினையாதிருக்க முடியவில்லை. பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்துவந்த 'பெனே இஸ்ராயேல்' மக்கள் அவர்கள். அவர்களுடைய மரபுக் கதை நம் கடலோர மக்களுக்குப் புதிதாகத் தோன்றாது. பன்னெடுங்காலத்துக்கு முன் அலிபாக் அருகே நவ்காவ் என்னும் ஊர்க் கரையோரம் ஒரு மரக்கலம் உடைந்தது. ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே உயிர் பிழைத்தனர். மற்றவர்களின் உடல்களைக் கரையில் புதைத்துவிட்டு அந்தப் பதினான்கு பேரும் அங்கேயே குடியேறினர் என்பது அக்கதை. மறைநூல்கள் கடலோடு போயின. காலப்போக்கில் எபிரேய மொழியும் மறந்தது. மராத்தி பேசி, ஊராரின் உடை உடுத்தி, செக்காட்டி எண்ணெய் விற்றுப் பிழைத்தார்கள். ஆனால் சனிக்கிழமையன்று மட்டும் செக்கைத் தொடவில்லை. அதனால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தனர். கடவுள் ஒருவரே என்னும் அறிக்கை, விருத்தசேதனம், செதிளும் துடுப்பும் இல்லாத மீனை உண்ணாமை, ஓய்வுநாள்: அவர்களிடம் எஞ்சியவை இவ்வளவே. (நண்டும் இறாலும் திருக்கையும் சட்டிக்கு வராத ஒரு கடற்கரைக் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள்!)

நூல் இல்லை, குரு இல்லை, தொழுகைக்கூடம் இல்லை. அப்படியிருந்தும் இறைவாக்கினர் எலியாவை மட்டும் அவர்கள் விடவில்லை. மெசியாவுக்கு முன்னோடியாக எலியா வருவார் என்பது யூதர் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கை. பாஸ்கா இரவில் எலியாவுக்கென்று ஒரு கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றி வைத்து, வீட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஆண்குழந்தையின் விருத்தசேதனத்தின்போது அவருக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். பெனே இஸ்ராயேல் மக்களோ அவரைத் தம் ஊருக்கே வந்தவராகக் கொண்டாடுகிறார்கள். அலிபாக் அருகே கண்டாலா என்னும் சிற்றூரில் ஒரு பாறையில் உள்ள தடங்களைக் காட்டி, எலியாவின் தேர் இறங்கிய இடம் இது என்று சொல்லி அங்கே நேர்ச்சை செலுத்துகின்றனர். திருமணம், புதுவீடு, நோய் தீர்தல் போன்ற நேரங்களில் 'மலிதா' என்னும் படையலை வைக்கிறார்கள். அவலை நனைத்துத் தேங்காய்த் துருவலும் இனிப்பும் சேர்த்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியாவின் பெயரால் செபித்துப் பகிர்ந்து உண்பார்கள். நம் வீட்டு அவல்தான். மீட்பை எதிர்நோக்கும் ஒரு பெரிய நம்பிக்கை, நூற்றாண்டுக் கணக்காக ஒரு தட்டு அவலில் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்றால், குடும்பச் செபத்தின் வலிமையை எண்ணிப் பாருங்கள்.

எலியா வந்து என்ன செய்வார்? மலாக்கி இறைவாக்கினர் தம் நூலின் முடிவில் சொல்வது இதுவே: பெற்றோரின் உள்ளத்தைப் பிள்ளைகளிடமும் பிள்ளைகளின் உள்ளத்தைப் பெற்றோரிடமும் அவர் திருப்புவார். நாம் வாசிக்கும் பழைய ஏற்பாட்டின் கடைசிச் சொற்கள் ஏறக்குறைய இவையே. யூத ஆசிரியர்களும், அவர் வருவது உலகில் சமாதானம் உண்டாக்கவே என்று கற்பித்தனர். ஆகவே யூதருக்கு மீட்பின் ஆயத்தம் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட தாயும், அதே கூட்டத்தில் எதிர் மூலையில் அமர்ந்திருந்த அவருடைய ஓரகத்தியும் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று ஆழிப்பேரலை அவர்களின் வீடுகளைக் கொண்டுபோயிற்று. பின்னர்க் கிடைத்த புதுவீடு யார் பெயரில் என்பதில் அண்ணன் தம்பி இருவரும் பிரிந்தனர். கடல் பிரிக்காத குடும்பத்தை ஒரு பட்டா பிரித்துவிட்டது. இரண்டு வீடுகளும் எதிரெதிரே உள்ளன. ஒரு கதவு திறந்தால் மறு கதவு சாத்தும். எலியாவின் வேலை என்னவென்பதை நமக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல விளக்கவுரை தேவையில்லை.

கொச்சி யூதர்களின் வரலாறு வேறு வகையானது. அவர்களிடம் நூல்கள் இருந்தன, ஆசிரியர்கள் இருந்தனர், 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. (1662இல் அதைச் சேதப்படுத்தியவர்கள் போர்த்துக்கீசியர், நம் மறையினர் என்பதை நாம் வெட்கத்தோடு நினைவில் கொள்ள வேண்டும். அரசரும் அயலாரும் அம்மக்களைக் காத்தனர்.) அவர்களுடைய பெண்கள் மலையாளத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாடல்களில் சீயோனைக் குறித்த ஏக்கம் நிரம்பியிருந்தது. 1948இல் இஸ்ராயேல் நாடு உருவானதும், தங்கள் செபம் கேட்கப்பட்டது என்று பலர் எண்ணினர். நிலத்தையும் கடையையும் விற்றுப் புறப்பட ஆயத்தமாயினர். ஆனால் அழைப்பு உடனே வரவில்லை. யானைக்கால் நோய் அவர்களோடு அந்நாட்டுக்குள் வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அங்குள்ள அதிகாரிகள் தயங்கினர். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, இங்கே பிழைப்பும் இன்றி, அங்கே போகவும் வழியின்றி அவர்கள் தவித்த காலம் கொடியது. 1954ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பெரும்பாலோர் செல்ல முடிந்தது. போனவர்களுள் பலருக்குக் கிடைத்தது நெகேவ் பாலைநிலம். நெவாத்திம் என்னும் குடியிருப்பில் அவர்கள் மண்ணோடு போராடிப் பயிர் செய்தனர். வாக்களிக்கப்பட்ட நாட்டை அடைந்த பின்னரும் பாஸ்கா இரவில் கதவு திறக்கிறார்கள், கிண்ணம் வைக்கிறார்கள். நாடு கிடைத்ததே மீட்பு என்று சொல்வோர் அவர்களுள் உண்டு. இல்லை, இது தொடக்கமே என்போரும் உண்டு. மெசியா வராமல் நாடு அமைத்ததே தவறு என்று வாதிடும் பக்தியாளரும் உண்டு. அந்த வாதத்தில் நாம் நுழைய வேண்டியதில்லை. அந்தப் புண்ணிய பூமியில் இன்றும் சிந்தப்படும் இரத்தத்துக்காக, இரு தரப்பாருக்காகவும், செபிப்பதே நம் கடமை.

நம் அருகிலும் யூதர் வாழ்ந்தனர். சென்னையில் பவளக்காரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வாணிபம் செய்த யூத வணிகரின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது. 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினருள் மூவர் யூதர். இன்று அங்கே தொழுகைக்கூடம் இல்லை. எபிரேய எழுத்துகள் பொறித்த சில கல்லறைக் கற்கள் மட்டும் உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கின்றன.

இனி, காத்திருப்பில் வரும் சோதனை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள் குறிப்பது! கி.பி. 132இல் பார் கோக்பா என்பவர் உரோமையரை எதிர்த்துக் கிளம்பியபோது, மாபெரும் ஆசிரியரான ரபி அக்கீவாவே அவரை மெசியா என்று ஏற்றார். மூன்றே ஆண்டுகளில் அந்த எழுச்சி பேரழிவில் முடிந்தது. 1665இல் சிமிர்னா நகரத்துச் சபத்தாய் சேவி தம்மை மெசியாவென அறிவித்ததும், ஆம்ஸ்டர்டாம் முதல் ஏமன் வரை யூத உலகம் கொந்தளித்தது. உண்ணா நோன்புகள், தருமங்கள், இரவு முழுவதும் செபங்கள். வணிகத்தைக் கைவிட்டுப் பயணத்துக்குக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் துருக்கிச் சுல்தான் முன் தலைப்பாகை அணிந்து இசுலாம் சமயத்தைத் தழுவினார். ஏமாந்தவர்களின் வேதனை பல தலைமுறைக்கு நீடித்தது. இறுதிக் காலத்தைக் கணக்கிடுகிறவர்களைத் தல்மூது சபிக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. எதிர்பாராத வேளையில் வருபவை மூன்று, மெசியா, தொலைந்த பொருள், தேள் என்று அதே தல்மூது குறும்பாகச் சொல்கிறது. இரவில் திருடனைப் போல் வருவார் என்று நம் நற்செய்தியும் சொல்லவில்லையா?

யூதரைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை. 1999ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாம் இளங்குருவாகப் பணியாற்றிய பங்கில், மூன்று நாள் இருள் சூழப்போகிறது என்று ஒரு துண்டுத்தாள் பரவியது. தேன்மெழுகுத் திரி மட்டுமே எரியுமாம். மந்திரித்த திரியாக இருக்க வேண்டுமாம். வேறெதற்கும் கோவிலுக்கு வராதவர்களெல்லாம் மெழுகுதிரிக் கட்டுகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். மந்திரித்துக் கொடுத்தோம். மறுத்துப் போதிக்கும் துணிவு அப்போது நமக்கு இருக்கவில்லை. இன்றும் அதை எண்ணி வருந்துகிறோம். புத்தாண்டு வழக்கம்போல் விடிந்தது. மீந்த திரிகள் மின்தடை நாள்களில் பயன்பட்டன.

முதல் நூற்றாண்டின் யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியர் இதற்கு அருமருந்து தந்தார். கையில் மரக்கன்றை வைத்திருக்கும் வேளையில் மெசியா வந்துவிட்டார் என்று யாரேனும் சொன்னால், முதலில் கன்றை நட்டுவிட்டு, பிறகு அவரை எதிர்கொள்ளப் போ என்றார். எருசலேம் எரிந்ததைக் கண்ட தலைமுறையின் ஆசிரியர் அவர். அலைக்குப் பின் நம் கரையோரத்தில் சவுக்கும் பனையும் நட்டவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும்.

தல்மூதில் நமக்கு மிகவும் பிடித்த கதை ஒன்றுண்டு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யோசுவா பென் லேவி ஒருநாள் எலியாவைச் சந்தித்து, மெசியா எப்போது வருவார் என்று கேட்டார். நீயே போய் அவரிடம் கேள் என்றார் எலியா. எங்கே இருக்கிறார்? உரோமை நகரத்தின் வாயிலில். அடையாளம் என்ன? நோயுற்ற ஏழைகளின் நடுவே அமர்ந்திருக்கிறார்; மற்றவர்கள் தங்கள் புண்களின் கட்டுகளையெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்து, ஒரே நேரத்தில் கட்டுகிறார்கள்; அவர் மட்டும் ஒரு கட்டை அவிழ்த்துக் கட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுகிறார். தாம் அழைக்கப்பட்டால் ஒரு நொடியும் தாமதியாமல் எழ வேண்டும் என்பதற்காக! யோசுவா போய் வணங்கி, எப்போது வருவீர் என்று கேட்க, இன்று என்று விடை வந்தது. அன்று அவர் வரவில்லை. என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று யோசுவா முறையிட, அந்த 'இன்று' திருப்பாடலில் வரும் 'இன்று' என்றார் எலியா. அவரது குரலுக்குச் செவிகொடுப்பீர்களானால், இன்று.

இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் நமக்குச் செங்கல்பட்டை அடுத்த திருமணி நினைவுக்கு வரும். அங்குள்ள தொழுநோய் மருத்துவமனை முதலில் லேடி வில்லிங்டன் பெயரால் மறைப்பணியாளரின் பொறுப்பில் நடந்தது; 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. மருத்துவர் இராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்திப் பார்த்த இடங்களுள் இதுவும் ஒன்று. 2005ஆம் ஆண்டின் இறுதியில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகன்றுவிட்டதாக நம் நாடு அறிவித்தது. எனினும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். நோய் தீர்ந்த பின்னும் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி திரும்புவதில்லை. முள் தைத்தாலும் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது. அதனால் நாள்தோறும் பாதத்தைத் தண்ணீரில் ஊற வைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, புண் உண்டா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் தவறினாலும் புண் முந்திக்கொள்ளும். ஆயத்தம் என்பதை ஒரு முதியவர் அப்படித் தம் பாதத்தைப் பார்க்கும்போது கண்டோம். அவர் இதை இருபது ஆண்டுகளாக ஒரு நாளும் விடாமல் செய்துவருவதாகச் சொன்னார்.

வந்தவரை விட்டுவிட்டார்களே என்னும் கேள்வி நிற்கிறது. நம் விசுவாசம் தெளிவானது: மெசியா வந்துவிட்டார், அவர் நாசரேத்து இயேசு. இதில் மழுப்பலுக்கு இடமில்லை. அதே சமயம், 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனது அறிக்கையில், கிறிஸ்துவின் பாடுகளுக்கு அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது என்றும், அவர்கள் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டப்படலாகாது என்றும் திட்டமாகக் கற்பித்தது. பெரிய வெள்ளி வழிபாட்டில் அவர்களுக்கான பழைய மன்றாட்டும் மாற்றப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 பெப்ருவரியில் சென்னைக்கு வந்ததை நம் பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவர் உரோமையிலுள்ள யூதத் தொழுகைக்கூடத்துக்குச் சென்று, அவர்களை நமக்கு மூத்த சகோதரர்கள் என்னும் பொருள்பட அழைத்தார். 2001இல் திருத்தந்தையின் விவிலியக் குழு வெளியிட்ட ஏடு இன்னும் ஒருபடி மேலே சென்று, யூதர்களின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதன்று என்று கூறியது. வரவிருப்பவர், நாம் அறிந்த இயேசுவின் சாயலைக் கொண்டிருப்பார் என்பது நம் நம்பிக்கை. அவர்களும் நாமும் ஒரே கடலை நோக்கி, வெவ்வேறு படகுகளில் கண்விழித்திருக்கிறோம் என்று அந்தக் குப்பத்து மக்களிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சொன்னோம். அடுத்த வாரக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொல்லி, வாயிலில் கட்டு மாற்றும் மெசியாவின் கதையோடு முடித்தோம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட தாய் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சாமி, திருமணிக்கு எந்த பஸ் போகும்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் பேருந்தில் ஒன்பது பேர் ஏறினோம். பழங்கள் ஒரு கூடை, தேங்காயெண்ணெய் ஆறு புட்டி. அந்தத் தாய் முன் இருக்கையில் அமர்ந்தார். வண்டி புறப்படும் தறுவாயில் அவருடைய ஓரகத்தியும் எண்ணெய்ப் புட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். யாரையும் பாராமல் கடைசி இருக்கைக்குப் போனார். நடத்துநர் வந்து கேட்டபோது, முன்னால் இருந்தவர் திரும்பிப் பாராமலே பத்துச் சீட்டு என்றார்.